ஜூம் பண்ணினால் மட்டும் தெரிந்துவிடுமா?

கடைசி பெஞ்சில் இருந்து போர்டை போனில் போட்டோ எடுத்திருப்பீங்க. ராத்திரி ஹாஸ்டலில் அதை ஜூம் பண்ணிப் பார்த்தால் எழுத்து பெரிசாகும். ஆனால் அது 3-ஆ, 8-ஆ? கடைசி வரை தெரியாது.

மைக்ராஸ்கோப்பிலும் இதே சிக்கல் உண்டு. பெரிதாகக் காட்டுவது மேக்னிஃபிகேஷன். நெருங்கி இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டுவது ரெசல்யூஷன். முதலாவதை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். இரண்டாவதற்கு ஒரு எல்லை இருக்கு. போனில் அந்த எல்லைக்குப் பெரும்பாலும் பிக்சல் காரணம். நல்ல மைக்ராஸ்கோப்பில் ஒளியே காரணம்.

எப்படி? ஒளி ஒரு அலை. ஃபிசிக்ஸ் லேபில் செய்த கிரேட்டிங் சோதனை ஞாபகம் இருக்கா? கோடுகள் நெருங்க நெருங்க, ஒளி அதிகக் கோணத்தில் விலகும். ஸ்லைடில் இருப்பதற்கும் இது பொருந்தும். விவரம் எவ்வளவு பொடிசோ, அதிலிருந்து வரும் ஒளி அவ்வளவு சாய்ந்து போகும். அந்தச் சாய்ந்த ஒளி லென்ஸுக்குள் வரவில்லை என்றால், அந்த விவரமும் அதோடு போச்சு. அப்புறம் ஐபீஸை மாற்றினாலும் கேமராவை மாற்றினாலும் திரும்ப வராது.

1873-ல் இதை விளக்கியவர் எர்ன்ஸ்ட் அபே. ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸுடன் சேர்ந்து வேலை பார்த்தவர். அவர் பெயரில் இருக்கும் கணக்கு ரொம்ப சிம்பிள்: ஒளியின் அலைநீளத்தை, நியூமரிக்கல் அப்பர்ச்சரின் இரண்டு மடங்கால் வகுக்கணும். லென்ஸ் எவ்வளவு சாய்ந்த ஒளியை வாங்கிக்கொள்ளும் என்பதைச் சொல்லும் எண்தான் நியூமரிக்கல் அப்பர்ச்சர். காற்றில் அது 1-ஐத் தாண்டாது. ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே அதற்கென்று இருக்கும் எண்ணெயை விட்டால் 1.4 வரை போகும்.

போட்டுப் பாருங்க. பச்சை ஒளி 550 நானோமீட்டர். 550-ஐ 2.8-ஆல் வகுத்தால் சுமார் 196. அதாவது, ஏறக்குறைய 200 நானோமீட்டர். ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஈ.கோலை பாக்டீரியா தெரியும். சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொரோனா வைரஸின் உருவம் தெரியாது.

லேபில் ஆப்ஜெக்டிவைத் திருப்பிப் பாருங்க. 40/0.65, 100/1.25 என்று பொறித்திருக்கும். இரண்டாவது எண்தான் நியூமரிக்கல் அப்பர்ச்சர். அதைப் போல 1000 மடங்கு வரைதான் மேக்னிஃபிகேஷன் உருப்படியாக உதவும் என்பது நடைமுறைக் கணக்கு. 1.25 என்றால் 1250. ஆன்லைனில் '2000 மடங்கு' என்று போட்டிருப்பதை நம்பி ப்ராஜெக்ட் பணத்தைக் கொட்டிடாதீங்க. 1250-க்கு மேலே கிடைப்பது அதே மங்கல் படம்தான், கொஞ்சம் பெரிய சைஸில்.

அப்போ இந்த எல்லையைத் தாண்டவே முடியாதா? 2014-ல் வேதியியல் நோபல் பரிசு இதற்குத்தான். எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஹெல்லின் வழி சுவாரசியமானது. ஒரு லேசர், சாயமேற்றிய மூலக்கூறுகளை ஒளிர வைக்கும். மெதுவடை வடிவில் வரும் இன்னொரு லேசர், சுற்றியுள்ளவற்றை அணைத்துவிடும். வடையின் ஓட்டைக்குள் இருப்பவை மட்டும் ஒளிரும். அந்த ஓட்டையை நகர்த்தி நகர்த்திப் படம் எடுக்கலாம். இதனால் அபேயின் கணக்கு தப்பாகிவிடவில்லை. நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒரே நேரத்தில் ஒளிராமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நம்ம லேபில் அந்த லேசர் இருக்காது. ஆனால் 0.65-ஆ 1.25-ஆ என்று பார்க்கக் காசு எதுவும் வேண்டாமே!