அறுவைக்குப் பின் ஆறு வாரம்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நோய் வந்தால் சுமை இரண்டாகிறது. ஒன்று நோய், மற்றொன்று ஆளின்மை. சொந்த ஊராயின் தாயும், நாத்தனாரும், அடுத்த வீட்டுச் சித்தியும் முறை வைத்துக்கொண்டு வந்து நிற்பர். இங்கோ மனைவிக்குக் கணவன், கணவனுக்கு மனைவி. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைகளும் சேரும். அறுவை மருத்துவர் தம் பணியைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். எஞ்சிய ஆறு வாரப் பணி வீட்டாருடையது. அப்பணியைப் பற்றி நமக்குச் சொல்லித் தருவோர் குறைவு.

சென்ற ஆண்டு என் மனைவிக்குக் கருப்பைக் கட்டிகளின் காரணமாக வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்ற நேர்ந்தது. யாம் வாழ்வது கரக்பூர். மருத்துவர் கூறியவற்றையும், அவற்றை வீட்டில் நடைமுறைப்படுத்தியபோது அறிந்தவற்றையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறேன். அவரவர் மருத்துவர் சொல்லே முதன்மையானது என்பதை நினைவில் வைத்து இதைப் படித்தல் வேண்டும்.

படுக்கையா, நடையா?

பெரிய அறுவை நடந்தவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். உண்மை அதற்கு மாறானது. 1809ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்டக்கிப் பகுதியில் எஃப்ரயீம் மெக்டவல் என்ற மருத்துவர், ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற அம்மையாரின் வயிற்றிலிருந்து மிகப் பெரிய சூலகக் கட்டி ஒன்றை அகற்றினார். ஈதர் மயக்கம் பலரறியச் செய்து காட்டப்பட்டது 1846இல்தான். ஆகவே இது மயக்க மருந்தே இல்லாமல் நடந்த அறுவை. ஐந்தாம் நாள் மருத்துவர் பார்க்கச் சென்றபோது அந்த அம்மையார் எழுந்து தம் படுக்கையைத் தாமே சீர்செய்து கொண்டிருந்தாராம்! 25 நாளில் வீடு திரும்பி, அதன்பின் முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தார். ஆயினும் நோயாளியை வாரக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கம் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. 1990களில் டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் என்பார், விரைவில் உணவு, விரைவில் நடை என்ற முறையை வகுத்துப் பரப்பினார். இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் மறுநாளே எழுப்பி நடக்க வைக்கின்றனர்.

காரணம் எளிது. அசையாத கால்களில் இரத்தம் உறையக்கூடும்; அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் வீட்டிற்கு வந்ததும் வேளைக்கு ஐந்து நிமிடமேனும் நடத்தல் நன்று. எங்கள் ரயில்வே குடியிருப்பின் நீண்ட வராந்தாவில் முதல் வாரம் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை. மூன்றாம் வாரம் தெரு முனைவரை என்று கூட்டிக்கொண்டே சென்றோம்.

நடை வேறு, சுமை வேறு. தையலிட்ட வெளித்தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிவிடுகிறது. அதைக் கண்டு, "புண் ஆறிவிட்டதே, இனி என்ன?" என்று பெண்கள் வேலைக்கு எழுந்துவிடுகின்றனர். உள்ளே இருக்கும் தசையுறை பழைய வலுவை நெருங்க மாதங்கள் ஆகும். அதற்குள் பளு தூக்கினால் அவ்விடம் விலகிக் குடலிறக்கம் ஏற்படக்கூடும். நிறைந்த குடம் பத்துக் கிலோவுக்குக் குறையாது. சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. மூன்று வயதுக் குழந்தையும் ஒரு குடத்துக்கு ஈடுதான். குழந்தையைத் தூக்காதே என்று தாயிடம் சொல்வதைவிட, அவளை நாற்காலியில் அமர்த்திக் குழந்தையை அருகில் விடுவதே நடக்கக்கூடிய வழி.

படுக்கையிலிருந்து எழுவதற்கும் ஒரு முறை உண்டு. நேராக எழ முயன்றால் வயிற்றுத் தசை முழுதும் இழுபடும். முதலில் ஒருபுறமாகத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமல், தும்மல் வரும்போது சிறு தலையணையை வயிற்றின்மீது அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி வெகுவாகக் குறைகிறது.

பத்தியமும் பருப்பும்

என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து இரண்டு இரவுகள் பயணம் செய்து வந்து சேர்ந்தார். வந்த அன்றே அடுப்பில் வேகும் பருப்பைக் கண்டு திடுக்கிட்டு, "என்ன மாப்பிள்ளை இது? பச்சைப் புண்ணுக்குப் பருப்பு ஆகுமா? சீழ் வைத்துவிடாதா?" என்றார். "அத்தை, நாளை மறுநாள் கட்டு மாற்றப் போகிறோம். நீங்களே டாக்டரம்மாவிடம் கேட்டுவிடுங்களேன்" என்றேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: புண் ஆறப் புரதம் வேண்டும், பருப்பு, முட்டை, மீன், பால், தயிர் ஆகியவற்றை நிறுத்துவதே தவறு, சீழ் வைப்பது கிருமியாலேயன்றிப் பருப்பால் அன்று. மாதக்கணக்கில் உதிரப் போக்கு இருந்தவருக்கு இரத்தச் சோகையும் இருக்கும். கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் அதற்குத் துணை. தண்ணீரையும் குறைக்கக் கூடாது. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கினால் தையலுக்குத் துன்பம். ஆதலின் தண்ணீர், பழம், காய்கறி தேவை. அன்று மாலையே அத்தை தம் கையால் பாசிப்பருப்புக் கூட்டு வைத்தார்.

நாட்குறிப்பும் நான்கு சொற்களும்

வீட்டிற்கு வந்த நாள் முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுதல் மிக நன்று. காலை மாலை உடல் வெப்பம், உண்ட மாத்திரை, நடந்த நேரம், மலம் கழிந்ததா என்பன மட்டும் போதும். அதன் பயனைக் கூறுகிறேன்.

ஒன்பதாம் நாள் கட்டு மாற்றச் சென்றபோது, நாங்கள் தமிழர் என்று அறிந்து, செவிலியர் வங்காளியை விட்டு இந்தியில், "புகார் ஹை?" என்று கேட்டார். என் மனைவி புன்னகையுடன், "புகார் நஹீ" என்றாள். இந்தியில் புகார் என்பது காய்ச்சல். அவளோ, நம்மீது குறை ஏதும் உண்டா என்று கேட்கிறார் போலும் எனக் கருதி, நன்றியுடன் இல்லை என்று கூறிவிட்டாள்! முந்தின இரவு அவளுக்கு 101 டிகிரி இருந்தது. நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். மருத்துவர் வந்து பார்த்து, தையலின் ஓர் ஓரத்தில் நீர் கோத்திருந்ததைக் கண்டு வெளியேற்றி மருந்து கொடுத்தார். நான்கு நாளில் தணிந்தது. அந்தச் சிரிப்போடு வீடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவும் அஞ்சுகிறேன்.

ஆதலின் நம் பெண்கள் சில சொற்களையேனும் மனப்பாடம் செய்தல் வேண்டும். காய்ச்சலுக்குப் புகார், வலிக்குத் தர்த், வீக்கத்துக்குச் சூஜன், இரத்தத்துக்குக் கூன், தலைச்சுற்றலுக்குச் சக்கர், வாந்திக்கு உல்டி. கணவன் எப்போதும் உடன் இருப்பான் என்பது உறுதியன்று.

தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டிய குறிகள் இவை: 100.4 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், புண் சிவந்து வீங்குதல், சீழ் அல்லது துர்நாற்றம், மிகுதியான உதிரப்போக்கு, சிறுநீர் கழியாமை, ஓயாத வாந்தி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி. இறுதியிற் கூறிய மூன்றும் விடியும்வரை காத்திருக்கத் தகாதவை. சில வாரங்கள் சிறிதளவு உதிரக் கசிவு இருத்தல் இயல்பே.

விடுப்பும் உதவியும்

என்னைப் போன்ற ரயில்வே ஊழியருக்குச் சராசரி ஊதிய விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். சனவரியிலும் சூலையிலும் பதினைந்து பதினைந்தாகக் கணக்கில் சேருகிறது. முன்கூட்டி நாள் குறிக்கப்படும் அறுவையாயின் அதற்கேற்பச் சேமித்து வைக்கலாம். பலர் செய்வது யாதெனில், உறவினரை அழைக்கும் அதே வாரத்தில் தாமும் விடுப்பு எடுப்பது. முதல் பத்து நாள் வீடு நிறைய ஆட்கள். மூன்றாம் வாரம் நோயாளி தனியே. நான் முதலிற் பதினைந்து நாள் விடுப்பு எடுத்தேன். அது முடிவதற்கு மூன்று நாள் முன்பு அத்தை வந்து, ஐந்தாம் வாரம் முடியும்வரை இருந்தார். கைமாற்ற அந்த மூன்று நாளும் பயன்பட்டன.

உடல் தேற ஊருக்கு அழைத்துச் சென்றுவிடலாம் என்று தோன்றும். இரண்டு நாள் ரயிலில் அமர்ந்தே செல்லுதல் கால் இரத்த உறைவுக்கு இடந்தரும். பெட்டி தூக்குவதும் படி ஏறுவதும் வேறு. மருத்துவர் இசைவின்றிச் செல்லற்க.

மனம் ஆறுதல்

கருப்பையோடு சூலகங்களையும் எடுத்திருந்தால், மாதவிலக்கு நிற்கும் பருவத்து மாறுதல்கள் உடனே தோன்றும்: திடீர் வெப்பம், வியர்வை, உறக்கமின்மை, எரிச்சல். இதற்கு மருத்துவம் உண்டு. வெட்கப்படாமல் கேட்க வேண்டும். சூலகங்கள் இருப்பினும் சிலருக்குக் காரணமின்றிக் கண்ணீர் பெருகும். "பெண்மையே போயிற்று" என்று அக்கம்பக்கத்தார் கூறும் சொல் தையலைவிட ஆழமாகத் தைக்கும். கருப்பை ஓர் உறுப்பு. பெண்மை அதனுள் அடங்கியதன்று. தாம்பத்திய உறவை ஆறு வாரமேனும் நிறுத்தி, மருத்துவர் பார்த்த பின்னரே தொடங்குதல் முறை. அதைப் பொறுமையோடு ஏற்பது கணவன் கடமை.

என் மனைவியை மிகவும் வருத்தியது வலியன்று. தான் படுத்திருக்க நான் பாத்திரம் துலக்குவதைக் காண்பதே. "இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டுமா?" என்பாள். "ஏன், எனக்குக் கை இல்லையா?" என்பேன். சோறு குழைந்த நாளும் உண்டு, இரசம் புளித்த நாளும் உண்டு. அரிசி எவ்வளவு, பால்காரர் கணக்கு எங்கே, மகளின் சீருடை எந்த நாளில் வெள்ளை என்று கேட்கக் கேட்கத்தான், நாள்தோறும் அவள் தலையில் எத்தனை கணக்குகள் இருந்தன என்பது எனக்கு விளங்கிற்று.

நம் சங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். ஓர் இல்லத்தில் அறுவை என்று கேட்டால் பழத்தட்டோடு கூட்டமாகச் சென்று ஒரு மணி நேரம் பேசி நோயாளியைக் களைப்புறச் செய்வதை விடுத்து, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து ஒருவேளைச் சாப்பாடு அனுப்புவோம். எங்களுக்கு அவ்வாறு ஐந்து வீடுகளிலிருந்து வந்தது. அவற்றுள் ஒன்று வங்காளி வீடு. அந்த மீன் குழம்பின் சுவையை அத்தை இன்றும் தொலைபேசியில் விசாரிக்கிறார்.