மண் அணையைச் சாய்த்த சின்னச் சின்ன வசதிகள்

"மண்ணைக் கொட்டிக் கட்டிய அணை தண்ணீரைத் தாங்குமா?" கட்டுமானப் பொறியியல் படிக்கும் என்னிடம் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. தாங்கும். உலகின் அணைகளில் பெரும்பாலானவை மண் அணைகளே. ஆனால், தண்ணீர் கரைக்கு மேல் வழியத் தொடங்கினால் மண் அரித்து, சில மணி நேரத்தில் அணையே உடைந்துவிடலாம். அதனால்தான் அடியில் நீரைத் திறந்துவிட மதகும், ஓரத்தில் உபரிநீர் வெளியேற வழியும் அமைக்கிறார்கள்.

இதைப் படித்தபோது என்னை மிகவும் பாதித்தது சவுத் ஃபோர்க் அணையின் கதை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஜான்ஸ்டவுன் நகருக்கு மேலே சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில் இருந்த அந்த அணையின் உயரம் ஏறத்தாழ 22 மீட்டர். கால்வாய்ப் போக்குவரத்துக்காக 1853இல் கட்டி முடிக்கப்பட்டது. ரயில் வந்ததும் கவனிப்பாரற்றுப் போனது. 1879இல் செல்வந்தர்களின் மன்றம் ஒன்று அதை வாங்கி, மீன்பிடிக்கவும் படகோட்டவும் உல்லாச ஏரியாக மாற்றியது.

அடியிலிருந்த இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் பழைய இரும்பாக விற்றிருந்தார். மன்றம் புதிய குழாய்களைப் பொருத்தவில்லை. குதிரை வண்டிகள் செல்லப் பாதை அகலமாக வேண்டும் என்று கரையின் உயரத்தைக் குறைத்தது. மீன்கள் தப்பாமலிருக்க, உபரிநீர் வழியில் கம்பித் தடுப்பு வைத்தது. நீரைத் திறந்துவிட வழியே இல்லை என்று ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளர் 1880இல் எச்சரித்தார். மன்றம் பொருட்படுத்தவில்லை.

1889 மே 31. விடாத மழை. அடித்து வரப்பட்ட குப்பைகள் கம்பித் தடுப்பை அடைத்தன. நீர் கரையைத் தாண்டியது. பிற்பகல் மூன்று மணியளவில் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்தில் வெள்ளம் நகரை அடைந்தது. மாண்டவர்கள் 2,200 பேருக்கும் மேல்.

என்னை உறுத்துவது இதுதான்: செய்தவை எல்லாம் சின்னச் சின்ன வசதிகள். யாருக்கும் தீங்கு செய்ய எவரும் நினைக்கவில்லை. ஆனால், வசதியை அனுபவித்தவர்கள் மேலே இருந்தார்கள். விலை கொடுத்தவர்கள் கீழே இருந்தார்கள்.

அடுத்த முறை ஏரிக்கரையில் மெதுவோட்டம் போகும்போது, உபரிநீர் வழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். மண் அணையின் சரிவில் மரங்களை வளரவிடாமல் புல்லைக் குட்டையாக வெட்டி வைப்பதும் அழகுக்காக மட்டுமல்ல. வேர்கள் கரையைத் துளைக்கக்கூடாது. கசிவு இருந்தால் உடனே கண்ணில் பட வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் நம் முன்னோர். போட்ட அணையைப் பேணுவதும் அதில் அடங்கும்.