மாட்டுங்காவில் சிதறிய இசைத்தட்டுகள்: சோர் பஜாரில் தேடும் இரு தமிழர்கள்

வெள்ளிக்கிழமை. பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கிறது. சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு ஸ்டேஷனில் வந்து இறங்கும் சிலர் கையில் டார்ச் லைட் வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால் ஏதோ திருட்டு வேலைக்குப் போகிறார்களோ என்று நினைப்பார். அவர்கள் போகிற இடத்தின் பெயரும் அப்படித்தான்: சோர் பஜார்.

மட்டன் தெருவில் உள்ள கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று தெருவே கடையாகிவிடும். கோணியை விரித்து, முதல் நாள் வரை ஏதோ ஒரு வீட்டின் பரணில் கிடந்த சாமான்களைக் கொட்டுவார்கள். காது உடைந்த பீங்கான் கோப்பை, ஓடாத சுவர்க் கடிகாரம், ஒற்றைச் செருப்பு, கொட்டாவி விடும் சூட்கேஸ். ஜும்மா தொழுகை நேரம் வருவதற்குள் நல்ல சரக்கெல்லாம் கை மாறிவிடும். எட்டு மணிக்குப் போகிறவருக்கு மிச்சம்தான்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு தமிழர்கள் உண்டு. மூத்தவர் தாராவிவாசி. சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா, நாங்குநேரிப் பக்கம். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளையவர் செம்பூர்க்காரர், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் ‘அண்ணாச்சி’, ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

இருவரும் தேடுவது பழைய இசைத்தட்டுகளை.

முதலில் இவர்கள் போட்டியாளர்கள். 2022-ம் வருடம் ஜூலை மாதம், நல்ல மழை நாளில், ஒரே மரப்பெட்டியின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். வியாபாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இரண்டு மதராஸிகளும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பணம் முழுதாக வந்தால் போதும்” என்றார். விலையைப் பேசி, பணத்தைச் சேர்த்துக் கொடுத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டாக்சியில் தாராவிக்குக் கொண்டு வந்தார்கள். ரிக்கார்டு வாங்கிய அன்று மட்டும் டாக்சி என்பது அண்ணாச்சியின் சட்டம். லோக்கல் வண்டிக் கூட்டத்தில் அரக்குத் தட்டு உயிரோடு வந்து சேராது.

பெட்டியில் 61 தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு உறையின் மூலையிலும் சின்னதாக ஒரு நம்பர். அடியில் ஒரு நீள நோட்டுப் புத்தகம். அதைத் திறந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

1 முதல் 212 வரை வரிசை எண். பாடியவர் பெயர், வாங்கிய தேதி, கடை, விலை. அழகான குமாஸ்தா கையெழுத்து. 1957 ஏப்ரல் வரை ரூபாய், அணா, பைசாக் கணக்கு. அதன் பிறகு நயா பைசா. சில இடங்களில், “பாதி ரொக்கம், மீதி அடுத்த சம்பளம்” என்று குறிப்பு. 1986-ல் கடைசிப் பதிவு. ஊரெல்லாம் கேசட் வந்துவிட்ட காலம் அது.

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மாதச் சம்பளக்காரர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த சொத்து. அதில் 61 போக மீதி 151 எங்கே?

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவர் மாட்டுங்காவில் வசித்த இன்சூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. காலமாகிவிட்டார். கட்டிடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று வீட்டைக் காலி செய்தபோது, பிள்ளை பழைய பேப்பர்காரரை அழைத்து, புத்தகத்தோடு சேர்த்து இசைத்தட்டுகளையும் எடை போட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. இருநூறு தட்டு என்பது உறையோடு சேர்த்து ஐம்பது கிலோவைத் தொடும். இரண்டு அறை வாடகை வீட்டுக்குப் போகிறவர் அதை எங்கே வைப்பார்?

அன்றிலிருந்து இருவரும் ரிக்கார்டு தேடுவதை விட்டுவிட்டார்கள். நம்பரைத் தேடுகிறார்கள். கோணியில் கிடக்கும் தட்டைத் தூக்கினால் முதலில் டார்ச் அடிப்பது உறையின் மூலையில்தான். இதுவரை மட்டன் தெருவிலும், கோட்டைப் பகுதி நடைபாதையிலும், ஒரு தடவை கல்யாணில் ஒரு பழைய இரும்புக் கடையிலுமாக 34 தட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆகக் கூடி 95.

அரக்கும் வினைலும்

தட்டுகளில் இரண்டு ஜாதி உண்டு. பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து உலகத்துக்கே போனது. அதோடு கல்மாவைச் சேர்த்து அழுத்துவார்கள். கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட. வித்வான்கள் ஒரு மணி நேரம் பாடுகிற ராகத்தை அந்த மூன்று நிமிஷத்துக்குள் மடக்க வேண்டியிருந்தது. மடக்கியதில்தான் பலர் கெட்டிக்காரர்கள் ஆனார்கள் என்பது அண்ணாச்சியின் கட்சி. இன்றைய நீட்டிப் பாடுகிறவர்களை அவர் அதிகம் மதிப்பதில்லை.

1948-ல் அமெரிக்காவில் வந்த எல்.பி. என்கிற நீண்ட நேரத் தட்டு வினைலில் செய்தது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். அடுத்த வருடம் 45 சுற்று சின்னத் தட்டு வந்தது. நம் ஊர்க் கல்யாண வீட்டு மைக் செட்காரர்கள் நான்கு பாட்டு கொண்ட இ.பி. தட்டுகளைத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவார்களே, அதுதான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ கதை வசனத்தை எல்.பி.யில் போட்டுப் போட்டே ஊர் முழுக்க மனப்பாடம் ஆனது. படத்தைப் பார்க்காதவனும் வசனம் பேசினான்.

முள்ளிலும் வித்தியாசம் இருக்கிறது. 78 தட்டின் வரிப்பள்ளம் அகலம். எல்.பி.யின் பள்ளம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அகல முள்ளை எல்.பி.யில் வைத்தால் பாட்டைச் சுரண்டி எடுத்துவிடும். மும்பையில் இரண்டுக்கும் முள் தேடுவது தட்டைத் தேடுவதை விடச் சிரமம்.

தம்பிக்கு இன்னும் மனம் ஆறாத ஒரு விஷயம் உண்டு. நம்பர் 23 கிடைத்த அன்று, தூசியும் பூஞ்சையும் படிந்திருக்கிறதே என்று ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். எல்.பி.யை அளவாகத் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் துடைக்கலாம். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் காய்ச்சுவதே அப்படித்தானே! மினுமினுத்த தட்டு சாம்பல் பூத்துவிட்டது. போட்டால் மழை பெய்கிற சத்தம். அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு குரல்.

அண்ணாச்சி திட்டவில்லை. நோட்டில் 23-க்கு எதிரே பென்சிலால் “கிடைத்தது, போயிற்று” என்று எழுதினார். திட்டியிருந்தால் தேவலை என்கிறார் தம்பி.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி

அண்ணாச்சியின் வீடு தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில். கீழே ஒரு அறை, ஏணி ஏறினால் ஒரு அறை. மேல் அறையில் ஆள் படுக்க இடமில்லை; தட்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. படுக்கை வசமாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் கீழே இருப்பது கெட்டுப்போகும். தகரக் கூரை என்பதால் மே மாதம் ஈரச் சாக்கை மேலே போட்டு, மின்விசிறியைத் தட்டுகளின் பக்கம் திருப்பி வைக்கிறார். சம்சாரத்துக்கு அதில் வருத்தம் உண்டு. “எனக்குக் காத்து இல்லை, பாகவதருக்குக் காத்து” என்கிறார் அந்த அம்மாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். தோல் பட்டறைத் தொழிலாளி, இட்லி விற்கும் அக்கா, ரயில்வே கலாசி என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஏணிப்படி வரை உட்கார்ந்திருப்பார்கள். டி.கே.பட்டம்மாள் ‘நாம் இருவர்’ படத்துக்குப் பாடிய பாரதி பாட்டு, நாகூர் ஹனீபாவின் பாட்டு, என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபம் என்று கலந்து வரும். தட்டை யாருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. ஆனால் தம்பி கம்ப்யூட்டரில் பதிந்து, கேட்கிறவர்களுக்குக் கேட்டதைக் கொடுக்கிறார்.

சட்டத்துக்கும் பயப்படுகிறார். ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு உண்டு. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் தனி உரிமை, அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டு. பாரதி பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.எம். செட்டியார் கையில் இருந்தது. 1949-ல் சர்க்காருக்கு வந்து, பிறகு பொதுமக்களுக்கே வந்துவிட்டது. மற்றவற்றை இங்கேயே உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறார்.

இருவருக்கும் ஒரே ஒரு தடவை பெரிய தகராறு வந்தது. குமாஸ்தாவின் குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார் அண்ணாச்சி. சொன்னால் திருப்பிக் கேட்பார்கள் என்றார் தம்பி. இரண்டு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் தம்பியே தானாவில் இருக்கும் மகளைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். அப்பாவின் தட்டுகள் விற்கப்பட்டதே அந்த அம்மாளுக்கு அன்றுதான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஏணி ஏற முடியாமல் ஏறினார். நான்கு தட்டு கேட்டார். தட்டுகள் எதுவும் வேண்டாம், போட்டுக் கேட்க மெஷின் இல்லை என்றார். “அப்பா எழுதின அந்த நோட்டை மட்டும் எனக்குக் கொடுப்பீர்களா?” என்று கேட்டார்.

அந்த நோட்டு இல்லாவிட்டால் தேடுவது எப்படி? தம்பி கீழே இறங்கி ஓடி, தெரு முனைக் கடையில் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலைக் கொடுத்துவிட்டார்.

ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை. பல மாதம் கழித்து, சில நம்பர்களுக்கு எதிரே டிக் அடித்திருப்பது ஏன் என்று புரியாமல் அந்த அம்மாளுக்குப் போன் செய்தார்கள். “சிவப்பு மையா, கறுப்பு மையா?” என்று திருப்பிக் கேட்டார். அசலைப் பார்த்துப் படித்தார். கறுப்பு டிக் என்றால் முள் கீறியது. சிவப்பு என்றால் இரவல் போனது. திரும்பி வந்தால் அதன் மேல் கோடு போட்டுவிடுவாராம் அப்பா. கோடு போடாத சிவப்பு 17. பக்கத்தில் ஊர் மட்டும்: சயான், முலுண்டு, டோம்பிவிலி, அம்பர்நாத்.

அதாவது 17 தட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போகவே இல்லை. யாரோ தமிழர் வீட்டில் இருக்கின்றன, அல்லது இருந்தன.

அம்பர்நாத் யார் என்று மகளுக்கு நினைவு இருந்தது. ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாராம். போன மாதம் இருவரும் கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தார்கள். எண்பதைத் தாண்டிய பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நோட்டின் ஜெராக்ஸை நீட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“நாற்பத்தாறு. ராஜரத்தினம் பிள்ளை, தோடி. என்னிடம்தான் இருக்கிறது” என்றார். “1994-ல் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது, ஊருக்குப் போயிருந்தார்கள். அப்புறம் முழங்கால் விடவில்லை. அவர் போனது கூட எனக்கு யாரும் சொல்லவில்லை.”

மருமகளைக் கூப்பிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுக்கச் சொன்னார். பழைய வேட்டியில் மூன்று சுற்று. விரிசல் இல்லை. மூலையில் 46.

தம்பி கை நீட்டினார். பெரியவர் கொடுக்கவில்லை.

“என் மெஷின் கெட்டுப் பதினைந்து வருஷமாச்சு. ஒரு தடவை கேட்டுவிட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு நானே கொண்டு வருகிறேன்.”

ஏணி இருக்கிறதே என்றார் அண்ணாச்சி. அப்படியானால் மெஷினைக் கீழே இறக்குங்கள் என்றார் பெரியவர்.

மழை விட்டதும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். டாக்சிக்கு ஆகும் பணத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டார் அண்ணாச்சி. அதுவரை கணக்கு 95 தான்.