உப்பு குறைந்ததா, தண்ணீர் கூடியதா?

நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி தடுமாறுகிறார். பேரனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘சோடியம் குறைஞ்சிருக்கு’ என்கிறார்கள். உப்பைக் குறைத்துச் சமைத்தது தப்போ என்று மருமகள் கலங்குகிறார். மருத்துவரோ பல நேரங்களில் குடிக்கும் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். உப்பு குறைந்தால் தண்ணீரை ஏன் குறைக்க வேண்டும்? சிறுநீர் உண்டாகும் விதம் தெரிந்தால்தான் இது விளங்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருண்ட முடிச்சு ஒன்று இருக்கிறது. ரத்த அணுக்களையும் புரதத்தையும் நிறுத்திக்கொண்டு, தண்ணீர், உப்புகள், சர்க்கரை, யூரியா எல்லாவற்றையும் அது வடியவிடுகிறது. வடிவது நாளொன்றுக்கு 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சமையல் உப்பே ஒரு கிலோவைத் தாண்டும். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். கழிவை வடிகட்டும் உறுப்பு என்று பள்ளியில் படித்தோம். வடித்ததில் வேண்டியதைத் திரும்ப எடுப்பது அதைவிடப் பெரிய வேலை.

இதற்கு நேரடிச் சான்று 1924-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேர்ன், ரிச்சர்ட்ஸ் இருவரும் தவளையின் சிறுநீரக முடிச்சு ஒன்றிலிருந்து, நுண்ணிய கண்ணாடிக் குழாயால் திரவத்தை உறிஞ்சி எடுத்தார்கள். அதில் சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. சிறுநீர்ப்பையை அடைந்த நீரில் அவை இல்லை. இடைவழியில் உடல் அவற்றை மீட்டுக்கொண்டிருந்தது.

நெஃப்ரானின் முதல் பகுதியிலேயே மூன்றில் இரண்டு பங்கு உப்பும் தண்ணீரும் சேர்ந்து ரத்தத்துக்குத் திரும்பிவிடும். அடுத்து வரும் ஹென்லி வளைவில்தான் இரண்டும் பிரிகின்றன. அதன் ஏறும் கிளை உப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை விடாது. அதனால் சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்புச் செறிவு ஏறிக்கிடக்கிறது. கடைசிக் குழாய் அந்தப் பகுதி வழியாகத்தான் இறங்குகிறது. மூளையடியில் சுரக்கும் வாசோபிரஸின் என்ற ஹார்மோன் வந்தால் அந்தக் குழாயின் சுவரில் தண்ணீருக்கான வாசல்கள் திறக்கும். தண்ணீர் உடலுக்குத் திரும்பும், சிறுநீர் கெட்டியாகும். ஹார்மோன் வராவிட்டால் சிறுநீர் நீர்த்துப் பெருகும். சோடியத்தைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது ஆல்டோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோனின் பொறுப்பு.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் சோடியம் எண், இயல்பாக 135 முதல் 145 வரை. உடலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அது சொல்லாது. தண்ணீருக்கு எத்தனை உப்பு என்ற விகிதத்தைத்தான் சொல்லும். வலி, வாந்தி, நிமோனியா, அறுவை சிகிச்சை, மனநலத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவை தேவையில்லாத நேரத்திலும் வாசோபிரஸினைச் சுரக்கவைக்கும். அப்போது தண்ணீர் உடலில் தங்கி அந்த விகிதம் இறங்கும்; தண்ணீரைக் குறைக்கச் சொல்வது அதனால்தான். ரத்தக்கொதிப்புக்குத் தரும் தயசைடு வகை நீர் மாத்திரைகள் சிறுநீரை நீர்க்கச்செய்யும் திறனையே குறைக்கும். வயதான பெண்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. பசியில்லாமல் வெறும் கஞ்சியிலும் ரசத்திலும் நாளைக் கழிக்கும் முதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். தண்ணீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு உப்பும், புரதத்திலிருந்து வரும் யூரியாவும் ஓரளவு வேண்டும். வெறும் தண்ணீராக அதனால் வெளியேற்ற முடியாது. பருப்பும் முட்டையும் அவர்கள் தட்டில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரத்தம் நீர்த்தால் மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகும். தடுமாற்றமும் வலிப்பும் அதனால் வருபவை. அவசரப்பட்டு உப்புக் கரைசலைக் கொடுத்துச் சோடியம் அளவை ஒரேயடியாக ஏற்றுவதும் ஆபத்து. மூளைத்தண்டில் நரம்புகளின் உறை சிதைந்துபோகலாம். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைக்கு மேல் உயராதபடி மருத்துவர்கள் பார்த்துக்கொள்வது அதற்காகத்தான். வீட்டில் உப்புத்தண்ணீர் கலக்கிக் கொடுத்துப் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

எல்லோருக்கும் தண்ணீரைக் குறைப்பதே மருந்து என்றும் எண்ண வேண்டாம். வயிற்றுப்போக்கில் உப்பும் நீரும் சேர்ந்து போனவருக்கு இரண்டையும் ஈடுசெய்ய வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு வைத்தியமே வேறு. ரத்தத்தோடு சிறுநீரையும் சோதனைக்கு அனுப்பி, அதிலுள்ள சோடியத்தையும் செறிவையும் மருத்துவர் பார்ப்பது, சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறதா, உப்பை விட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான்.