ஒரு வண்டி... இரண்டு குழந்தைகள்! ஸ்ட்ரோலர் வாங்கும் முன் ஒரு வீட்டுக் கணக்கு

மூத்தவளுக்கு இரண்டு வயது. அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். இரவு பிள்ளை தூங்கிய பிறகு கணவனும் மனைவியும் போனில் ஸ்ட்ரோலர் பார்க்கிறார்கள். 'இன்று ஒருவருக்கு, நாளை இருவருக்கு' என்கிறது விளம்பரம். விலையைப் பார்த்தால் மாதச் சம்பளத்தில் பாதி. ஹாலிலிருந்து மாமியார் குரல் கொடுக்கிறார்: "நாங்க எல்லாம் இடுப்புல வெச்சே நாலு பிள்ளைங்களை வளர்க்கலையா?"

இப்போது பல வீடுகளில் நடக்கும் பேச்சுதான் இது. இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

சிசேரியன் ஆன தாய், முதல் ஆறு வாரங்களுக்குப் பிறந்த குழந்தையைவிட அதிக எடை எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு வயதுக் குழந்தையோ ஏறத்தாழ 12 கிலோ இருக்கும். தடுப்பூசி போடப் போகும் இடத்தில் "அம்மா, தூக்கு" என்று மூத்தது கை நீட்டினால், கையில் பச்சைக் குழந்தையோடு நிற்கும் தாய் என்ன செய்வாள்? கூட்டுக் குடும்பத்தில் வாங்கிக்கொள்ள நாலு இடுப்பு இருந்தது. அப்பா ஆபீஸ் போய்விட்டால் அம்மா மட்டுமே இருக்கும் அபார்ட்மென்ட் வீட்டில் அந்த வசதி இல்லை.

ஆனால், அதற்காக விலை கூடிய வண்டிதான் வேண்டும் என்பதும் இல்லை.

தாத்தா செய்த வண்டி

குழந்தை வண்டியின் கதை பணக்கார வீட்டில்தான் தொடங்கியது. 1733-ல் இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபு தன் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் சொல்லி ஒரு வண்டி செய்யவைத்தார். அதை இழுப்பது விலங்குகளின் வேலை. இன்று நாம் மடக்கித் தூக்கிப்போகும் வண்டிக்குக் காரணம் ஒரு தாத்தா. பேரக்குழந்தையை அழைத்துக்கொண்டு வெளியூர் போய்வர கனமான வண்டியோடு மகள் படும் பாட்டைப் பார்த்தார் ஓவன் மெக்லாரன். போர் விமானச் சக்கரங்களின் அமைப்பில் வேலை செய்த பொறியாளர் அவர். குடையைப் போல மடங்கும் லேசான அலுமினிய வண்டியை 1965-ல் வடிவமைத்தார்.

தூக்க முடிய வேண்டும், மடக்க முடிய வேண்டும் என்ற அந்தத் தாத்தாவின் கவலைதான் இன்றும் முதல் கேள்வி.

'கன்வெர்ட்டிபிள்' என்றால் என்ன?

சட்டகம் ஒன்றுதான். அதில் பிறந்த குழந்தைக்குப் படுக்கை மாட்டலாம். உட்காரும் வயதில் அதைக் கழற்றிவிட்டு சீட் மாட்டலாம். சீட்டை அம்மா முகம் பார்க்கும்படியும், சாலையைப் பார்க்கும்படியும் திருப்பலாம். அடுத்த குழந்தை பிறந்ததும் இன்னொரு சீட் சேர்த்தால் இருவர் வண்டி.

விளம்பரப் படத்தில் இரண்டு சீட் இருக்கும். பெட்டியில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது சீட்டும், அதை மாட்டும் இணைப்பும் தனி விலை. இரண்டு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அந்த மாடலே நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு. அதனால் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

வயது இடைவெளிதான் விடை சொல்லும்

இரட்டைக் குழந்தைகள் அல்லது இரண்டு வயதுக்கும் குறைவான இடைவெளி என்றால், இரண்டு சீட் உள்ள வண்டி நன்றாகவே உழைக்கும். இருவருக்குமே சில வருடங்கள் சீட் தேவைப்படும்.

இரண்டு முதல் மூன்று வயது இடைவெளி என்றால் யோசிக்க வேண்டும். சின்னது உட்காரத் தொடங்கும்போது பெரியது ஓடத் தொடங்கியிருக்கும். இந்த வீடுகளுக்கு, வண்டியின் பின்னால் மாட்டி மூத்த குழந்தை நின்று வரும் சக்கரப் பலகையே பல நேரம் போதும். வண்டிக்கு அது பொருந்துமா, எத்தனை கிலோ வரை தாங்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று வயதுக்கு மேல் இடைவெளி என்றால் சாதாரண ஒற்றை ஸ்ட்ரோலரே போதும். மீதிப் பணம் வேறு செலவுக்கு ஆகும்.

டேப் எடுத்து அளங்கள்

பக்கத்தில் பக்கம் இருவர் உட்காரும் வண்டி ஏறத்தாழ 75 சென்டிமீட்டர், அதற்கு மேலும் அகலம் இருக்கும். வாங்கும் முன் வீட்டு வாசல், லிஃப்ட் கதவு, கார் டிக்கி மூன்றையும் அளந்துகொள்வது நல்லது. முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டி குறுகலான இடத்தில் நுழையும். ஆனால் நீளம் அதிகம் என்பதால், சின்ன லிஃப்டுக்குள் திருப்புவது கஷ்டம்.

அடுத்தது எடை. குடை போல மடங்கும் வண்டி ஆறேழு கிலோவுக்குள் அடங்கும். இருவர் வண்டியாக மாறும் சட்டகம் 12 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீட்டில் அதைத் தினமும் தூக்கப்போவது யார்? மூத்த குழந்தையைத் தூக்க முடியாது என்பதற்காக வாங்கிய வண்டி, அதே எடையோடு படிக்கட்டில் நின்றால் என்ன பயன்?

நம் ஊர் நடைபாதையையும் மறக்கக் கூடாது. மால் தரையில் வழுக்கிக்கொண்டு போகும் சின்னச் சக்கரம், தெருவில் முதல் ஜல்லியிலேயே நின்றுவிடும். கரடுமுரடான தெரு என்றால் பெரிய சக்கரமும், அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கும் தேவை. அபார்ட்மென்ட் வளாகத்துக்குள் மட்டும் என்றால் லேசான வண்டியே நல்லது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

* பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தட்டையாகப் படுக்கவைக்க முடிகிற வண்டிதான் வேண்டும். இருவர் வண்டியில் கீழே உள்ள சீட் எந்த வயதிலிருந்து ஏற்றது என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும். பல மாடல்களில் அது பிறந்த குழந்தைக்கு ஆகாது.

* தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனை பெல்ட் இருக்க வேண்டும். 'இதோ பக்கத்து கடைக்குத்தானே' என்றாலும் மாட்ட வேண்டும்.

* ஐரோப்பியத் தரம் ஈ.என். 1888, அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப்833. இந்தக் குறிப்பு லேபிளில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

* கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. குழந்தையை இறக்கிய நொடியில் வண்டி பின்னால் சாயும். பை கீழ்க்கூடையில்தான் இருக்க வேண்டும்.

* வெயிலுக்காக வண்டியின் மேல் துணி போட்டு மூடக் கூடாது. காற்று நின்று உள்ளே சூடு ஏறும்.

* மடக்கும்போதும் விரிக்கும்போதும் மூத்த குழந்தை தள்ளி நிற்கட்டும். மூட்டுகளில் பிஞ்சு விரல் மாட்டினால் காயம் பெரிது.

* எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலர் கூடவே கூடாது. மெட்ரோ நடைமேடையில் பிரேக் போட்டு, தண்டவாளத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும்.

* ஸ்ட்ரோலர் சீட் வேறு, கார் சீட் வேறு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட் அல்லது குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. உறவுக்காரர் வீட்டுப் பரணில் தூங்கும் நல்ல வண்டிகள் எத்தனையோ. பிரேக் போட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும். பெல்ட் கொக்கி 'டக்' என்று மாட்டுகிறதா, சட்டகத்தில் விரிசல் இருக்கிறதா, விரித்த பிறகு பூட்டு உறுதியாக நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். புதிது வாங்கினால் பில் பத்திரம். குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மூத்தவளிடமும் கேட்க வேண்டும்

கணக்கெல்லாம் போட்ட பிறகு ஒன்று மிச்சம் இருக்கிறது. இத்தனை நாள் 'என் வண்டி' என்றிருந்த குழந்தையை, தம்பியோ தங்கையோ வந்த அன்றைக்கே இறக்கிவிட்டால், வண்டியோடு அம்மாவும் போய்விட்டதாக அதன் மனம் நினைக்கும். பிரசவத்துக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே புது சீட்டையோ பலகையையோ மாட்டி, 'இது அக்காவின் இடம்' என்று பழக்கிவிடுவது நல்லது.

முதலில் சொன்ன வீட்டில் வயது இடைவெளி இரண்டைக் கொஞ்சம் தாண்டும். வாசலோ குறுகல். அவர்களுக்கு, தட்டையாகச் சாயும் ஒற்றை ஸ்ட்ரோலரும் ஒரு பலகையுமே போதுமானது. அக்கா நின்றபடி வருவாள், பாப்பா படுத்தபடி வரும். நின்று நின்று அக்காவுக்குக் கால் வலித்தால், பாட்டியின் இடுப்பு இருக்கவே இருக்கிறது.