அரக்குச் சேலையும் ஒன்பது வாட் பல்பும்

அருப்புக்கோட்டையில் சேலை எடுப்பவர்கள் கடை வெளிச்சத்தை அவ்வளவாக நம்புவதில்லை. பிரித்த சேலையை வாசல் பக்கம் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். தறிகள் ஓடும் ஊர். நிறம் தெரிந்த கண்கள். ஆனால் அதே ஆட்கள் வீட்டுக்கு பல்பு வாங்கும்போது "ஒம்பது வாட்டு, வெள்ளை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்தை லூமென் என்ற கணக்கில் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 700 லூமென். இன்றைய 9 வாட் எல்இடி பெரும்பாலும் 800-ஐத் தாண்டுகிறது. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 30 நாளில் குண்டு பல்புக்கு 9 யூனிட் ஆகும். எல்இடிக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. சிக்கனம் எந்த எல்இடியிலும் கிடைத்துவிடும். பார்த்து வாங்க வேண்டியது நிறத்தைத்தான்.

நிறத்தின் சாயலுக்குக் கெல்வின் கணக்கு. கொல்லன் உலையில் இரும்பு சூடேறச் சூடேற முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அந்த வரிசைதான் இதுவும்: 2700 கெல்வின் குண்டு பல்பின் மஞ்சள், 4000 நடுத்தர வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் கடைகளில் கேட்காமலே கையில் கொடுப்பது கடைசி ரகம்.

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் மஞ்சள் லைட்டை வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: "அது சூடு." குண்டு பல்பைப் பொறுத்தவரை அது சத்தியம், தின்ற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போனது. எல்இடியில் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் சூட்டில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வெயிலில் வெந்து திரும்பியவருக்கு வெள்ளை வெளிச்சம் மனசுக்கு இதமாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படுக்கும் அறையில் 6500 கெல்வின் தூக்கத்துக்கு நல்லதல்ல. இரவில் நீல ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

சேலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எல்இடியின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அந்த நீலச் சில்லைப் பிரகாசமாக ஒளிரச் செய்தவர்கள் மூவர், அகசாகி, அமானோ, நகாமுரா. 2014-ல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. சில்லின் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான பூச்சில் அடர்சிவப்பு குறைச்சல். விளக்கில் இல்லாத சிவப்பைத் துணி எங்கிருந்து திருப்பித் தரும்? அரக்கு மண்ணாகத் தெரியும், மாநிற முகம் சோகை பிடித்தது போலாகும்.

ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதை அளப்பதுதான் சிஆர்ஐ. குண்டு பல்புக்கு 100. சாதாரண எல்இடிக்கு 80 சொச்சம். அதிலும் ஒரு சூது உண்டு. அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி; அடர்சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. அதற்குத் தனியாக ஆர்9 என்று ஓர் எண் உண்டு, பெட்டியில் அச்சடிப்பவர்கள் குறைவு. ஆகவே 90-க்கு மேல் சிஆர்ஐ உள்ளதாகக் கேளுங்கள். விலை கூடும், லூமென் கொஞ்சம் குறையும். வீடு முழுக்க வேண்டியதில்லை. கண்ணாடி முன்னும், சாப்பிடும் இடத்திலும், தையல் மெஷின் பக்கத்திலும் இருந்தால் போதும்.

வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் மஞ்சளே நல்லது. மழைக்காலத்து ஈசலும் பூச்சியும் நீலம் கலந்த வெள்ளைக்குத்தான் அதிகம் மொய்க்கும். அங்கே பல்பை மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போடாதீர்கள். எல்இடியில் முதலில் சாவது பெரும்பாலும் சில்லு அல்ல, அடியில் இருக்கும் மின்சுற்று. அதன் கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மே மாதத்து இரவில் கொதிக்கும் கான்கிரீட்டுக்கு அடியில் கூண்டும் சேர்ந்தால், பெட்டியில் போட்ட 25,000 மணி நேரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.