எதிர்க்கட்சியில் ஒரு நண்பர்

திக்லிபூரில் பெரும்பான்மையோர் வங்காளிகள். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து நிலம் பெற்றுக் குடியேறியவர்களின் வழிவந்தோர். கூடவே ராஞ்சிக்காரர், தெலுங்கர், மலையாளி, நாம். கடைத்தெருவில் எல்லோரும் இந்தி பேசுகிறோம். துர்கா பூஜைப் பந்தலில் நானும் போய்ப் பிரசாதம் வாங்குவேன். நான் சாமி கும்பிடாதவன் என்பது அங்கே யாருக்கும் உறுத்துவதில்லை.

நமக்குள் என்று வந்தால்தான் வம்பு. சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விழாவில் கடவுள் வாழ்த்து வேண்டுமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்ற கட்சியில் நான். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். பக்திமானான நண்பர் ஒருவர் எழுந்து போனார். பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த நாட்களில்தான் திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளை மறுபடி எடுத்தேன். அந்தச் சாந்த மனிதரும் இளமையில் கடும் சைவப் பிடிவாதக்காரரே! வள்ளலார் பாடல்களை 'அருட்பா' எனல் தகாது என்று வாதாடிய நா. கதிரைவேற்பிள்ளை இவருடைய ஆசிரியர். அந்தச் சண்டை நீதிமன்றம் வரை போயிற்று. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்ப் பள்ளி இறுதித் தேர்வையே கோட்டை விட்டார். படிப்பும் அதோடு நின்றது. ஒரு கட்சிக்காக இவ்வளவு இழந்தவருக்கு அதை விடுவது எளிதா? விட்டார். 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்று பின்னாளில் நூலே எழுதினார்.

முருகனை அழகு என்று கண்டவர், கிறிஸ்துவின் அருளையும் வேண்டிப் பாடினார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்நின்றார். காந்தியத்தில் ஊறியவர் மார்க்ஸியத்தையும் வரவேற்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவரோ என்றால், அதுதான் இல்லை. 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் தலைவராக இருந்து, பெரியாரின் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அனுமதிக்க மறுத்தவர் இவரே. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அந்த முடிவில் நான் இன்றும் பெரியார் பக்கம். ஆனால் அப்படி முட்டிக்கொண்ட இருவரும் நட்பை அறுத்துக்கொள்ளவில்லை, பாருங்கள்!

நானாகவே நண்பர் வீட்டுக்குப் போனேன். "பாட்டு வேண்டாம் என்று சொல்லத்தானே வந்தீங்க?" என்றார். "வேண்டாம்னுதான் இப்பவும் நினைக்கிறேன். நீங்க பாடுங்க, நான் உட்கார்ந்து கேட்கிறேன்" என்றேன். காப்பி வந்தது. காஞ்சிபுரம் பற்றிப் பேச்சு வந்து மறுபடி சண்டை. இருட்டித்தான் வீடு திரும்பினேன். புத்தகம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.